கைப்பேசிக் கோணலியல்: ஓர் அறிமுக ஆய்வு

கைப்பேசி வளைந்திருப்பதை முதலில் அறிவது அதன் உரிமையாளர் அல்லர், மேசையே. போனை மேசைமேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்த, எதிர்மூலை 'டக்' என்று பதில் சொன்னால் கோணல் உண்டு என்க. இதற்கு 'மேசைச் சான்று' என்று பெயரிடுகிறோம். கேமரா துருத்திய போன்களை மல்லாத்தி வைத்தால் கோணல் இல்லாமலே ஆடும். ஆகவே கவிழ்த்து வைத்தே சோதிக்க வேண்டும். கவிழ்க்க மறுத்து, "எல்லாம் கேமராவால்தான்" என்று மாதக்கணக்கில் மனத்தைத் தேற்றிக்கொள்வோரை இவ்வியல் 'மறுப்புநெறியார்' என வகைப்படுத்தும்.

இத்துறையின் பொற்காலம் 2014 செப்டம்பர். 7.1 மி.மீ. தடிமனில் வந்த ஐபோன் 6 பிளஸ், கால்சட்டைப் பைக்குள் வளைகிறது என்று உலகமே பேசியது. புகார் செய்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர் என்றது ஆப்பிள். மற்றவர்களிடம் மேசை இல்லை போலும். 2018-இல் வெளியான நீதிமன்ற ஆவணங்களோ, 5எஸ்-ஐவிட 6 பிளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு என்று அந்நிறுவனமே உள்ளுக்குள் கணித்திருந்ததைக் காட்டின. 6 பிளஸுக்கு அடுத்த ஆண்டே வந்த 6எஸ் வரிசையில் வலுவான 7000 வரிசை அலுமினியம் சேர்ந்தது, பிளஸ் 7.3 மி.மீ. ஆயிற்று. மௌனமாக ஒப்புக்கொள்வது இவ்வாறே.

காரணம் கணக்கில் இருக்கிறது. தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்று. ஆய்வகங்களில் இரு முனைகளைத் தாங்கி நடுவில் அழுத்தும் 'மூன்றுபுள்ளி வளைவுச் சோதனை' ஒன்று உண்டு. அதையே பின்பாக்கெட்டும் பஸ் சீட்டும் சேர்ந்து டிக்கெட் விலையிலேயே செய்து தருகின்றன.

கடா: வளைந்ததை மறுபக்கம் அழுத்தினால் நிமிராதோ? பாக்கெட்டில் திருப்பி வைத்து மீண்டும் உட்காரலாம் எனும் 'எதிரமர்வுக் கொள்கையார்' உளரே?

விடை: நிமிரும், அதுதான் ஆபத்து. மீள்எல்லை தாண்டிய அலுமினியத்தை இங்குமங்கும் வளைத்தால் விரிசல் விடும். அது போகட்டும், உள்ளே இருப்பது வெறும் தகடா? ஐபோன் 6 பிளஸ் பலவற்றில் போர்டு நெளிந்து, தொடுதிரைச் சிப்பின் பற்றவைப்பு விட்டுப்போய், திரையின் தலையில் சாம்பல் பட்டை மினுங்கியது. பேட்டரி இன்னும் மோசம். நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய ஒரு படலம். அது கிழிந்தால் புகையும், நெருப்பும்கூட. பேட்டரி உப்பித் திரை தூக்கியிருந்தால் அது கோணலியலின் எல்லைக்கே வெளியே. ஆராய்ச்சியை நிறுத்தி, போனை அணைத்து, சார்ஜ் போடாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். தொழில் தெரிந்தவர் டிஸ்ப்ளேயையும் பேட்டரியையும் கழற்றிய பிறகே பிரேமைத் தொடுவார். அப்படியே முட்டியில் வைத்து அழுத்துபவரிடமிருந்து போனைத் திரும்ப வாங்கிவிடுக.

இந்நோய் பேன்ட்டைச் சார்ந்தது என்பது எம் கருதுகோள். பாக்கெட்டில்லாச் சேலைக்கு இது இல்லை. வேட்டிக்குள் பட்டாபட்டியின் பை தொடைப்பக்கம் தொளதொளவென்று தொங்குவதால், உட்கார்ந்தாலும் எடை அதன்மேல் இறங்காது. அப்பையின் காப்புத்திறனை அளக்கப் பட்டாபட்டியார் பலர் முன்வந்துவிட்டனர். போன் தரத்தான் எவரும் வரவில்லை.