ஒரு சிஸ்டர் போதாதா?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யூ.வில் ஆளுக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வைத்திருக்கிறது. என்ன ஊதாரித்தனம்!

நான் அண்ணனுக்குத் துணையிருந்த வார்டில் 40 கட்டில். கட்டிலுக்குக் கீழே பாயில் சிலர். ராத்திரிக்கு ஒரே சிஸ்டர். குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து ட்யூபில் ரத்தம் ஏறியதும், “சிஸ்டர், முடிஞ்சிருச்சு!” என்ற குரல் கட்டில் கட்டிலாகப் பயணம் போகும். அதற்குள் பக்கத்துக் கட்டில் அத்தை எழுந்து வந்து, ட்யூபில் இருக்கும் குட்டிச் சக்கரத்தை உருட்டி அடைத்துவிடுவார். மூன்றே நாளில் இலவச நர்சிங் படிப்பு! எந்தக் கல்லூரியில் கிடைக்கும்?

சிக்கனத்தில் நமக்கு அனுபவம் உண்டு. 2015இல் தேர்வெழுதி ஒப்பந்தத்தில் வந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தோம். கொரோனா வந்தபோது, 2020 மே 3 அன்று, ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினோம். பூ பணி நிரந்தரம் கேட்பதில்லை.

அந்த ஒரு சிஸ்டரையும் எடுத்துவிட்டு ஒரு கேமரா மாட்டலாம் என்பது என் யோசனை. கேமராவுக்குக் கால் வீங்காது.

நான்காம் நாள் அந்தச் சிஸ்டரே காய்ச்சலில் எங்கள் வார்டில் படுத்தார். நள்ளிரவில் எழுந்து தன் பாட்டிலைத் தானே மாற்றிக்கொண்டார். அப்படியே ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போய் அண்ணனுடையதையும் மாற்றினார்.

அன்றைக்கு அவருக்குச் சம்பளமில்லா விடுப்பு.