வழுக்கிய கால் அவர் பக்கம், விழுந்த மச்சான் என் பக்கம்

ரொறன்ரோவில் ஈஸ்ட் யோர்க் பக்கத்துப் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரு ட்ரைவ்வே. அந்தக் காலத்து ஒல்லிக் கார்களுக்காக விட்ட பாதை. இன்றைய கார் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டுதான் பின்னாலுள்ள கராஜுக்குப் போகும். பாதி நிலம் என்னுடையது, மற்றப் பாதி பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவருடையது. முழுவதிலும் போய்வரும் உரிமை இருவருக்கும் உண்டு என்று உறுதியில் எழுதியிருக்கிறது. அந்த வரியை வீடு வாங்கும்போதே ஆசையாக வாசித்தேன். உரிமையோடு பொறுப்பும் வரும் என்பதை மச்சான் விழுந்துதான் காட்டினார்.

வேலிக் கதியாலை மாரிக்கு ஒரு விரற்கடை நகர்த்தி, அதற்காகக் கோடு கச்சேரி ஏறிய பரம்பரையில் வந்தவன் நான். ஆனால் ஸ்னோ விழுந்த நாளில் மட்டும் எல்லையைத் தாண்டி ஒரு விரற்கடைகூட அள்ளமாட்டேன். கிழவரும் அப்படியே. நடுவில் முழங்காலளவில் ஒரு ஸ்னோ வரம்பு எஞ்சும். பகலில் அது உருகும். கூரைத் தண்ணீரும் பீலியால் இறங்கி வந்து சேரும். இரவில் எல்லாம் உறைந்து, மேலே புதுஸ்னோ கொஞ்சம் தூவிவிட்டால் கீழே ஐஸ் இருப்பதே தெரியாது. மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்புக்குச் சோம்பல் பிடித்துவிடும். அந்தக் குளிருக்குக் கல்சியம் குளோரைட் நல்லது, ஆனால் விலை கூட. என் கராஜில் எது இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

மனிசியின் தமையன் பிறந்தநாள் விருந்துக்குக் கோட்டும் தோல் சப்பாத்துமாக, கையில் கேக் பெட்டியோடு வந்தார். வழுக்கிய கால் கிழவர் பக்கம், விழுந்த உடம்பு என் பக்கம், கேக் நடுக்கோட்டில். ‘ஐயோ’ என்ற சத்தத்துக்கு எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், கைப்பேசியோடு.

“அண்ணாவைத் தூக்காமல் சப்பாத்தின்ரை அடியைப் படம் எடுக்கிறியள். வெக்கமில்லையோ?”

“சாட்சியமப்பா” என்றேன்.

மணிக்கட்டில் மெல்லிய வெடிப்பு. கையைப் பிளாஸ்டரில் போட்டார்கள். நான் அளவுநாடாவோடு வெளியே போய், வழுக்கிய இடத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சென்ரிமீற்றரில் குறித்துக்கொண்டேன். பிறகுதான் சட்டத்தைத் திறந்தேன்.

ஒன்ராறியோவில் 1980இல் வந்த சட்டம் அது. இடத்தைக் கையில் வைத்திருப்பவர், வருகிறவருக்கு ஆபத்து வராமல் நியாயமான கவனம் எடுக்கவேண்டும் என்கிறது. ஒரே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர் பொறுப்பாக இருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறது. என் அளவுநாடா அந்த வரியில் செத்தது. இருவரையும் வழக்கில் இழுக்கலாம், யாருக்கு எத்தனை வீதம் என்று நீதிபதி பிரிப்பார். சப்பாத்துக்கும் ஒரு பங்கு விழலாம் என்பது மட்டும் ஆறுதல்.

‘நியாயமான கவனம்’ என்றால் எப்போது அள்ளினாய், எப்போது உப்புப் போட்டாய் என்ற கேள்வி வரும். அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ‘காலை 6.40, உப்பு, இரண்டு சுண்டு.’ கறிக்குப் போட்டதையும் எழுதச் சொல்கிறாள் மனிசி.

வீட்டுக் காப்புறுதியில் இதற்கும் இடமுண்டு. வழக்கு வந்தால் சட்டத்தரணியை வைப்பதும், தீர்ப்பானால் காப்புத்தொகை வரைக்கும் கட்டுவதும் கம்பனிதான். அதாவது மச்சான் வழக்குப் போட்டால் பணம் என் பொக்கற்றிலிருந்து போகாது. உறவு முறியாமலே வழக்காடலாம். இந்த நல்ல செய்தியை மச்சானிடம் நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் கட்டணத்தை ஏற்றினால் அது என் தலையில்தானே?

எனக்கு மூச்சு வந்தது வேறொரு பிரிவில். 2021 ஜனவரி 29 முதல், தனியார் இடத்தில் ஸ்னோவிலோ ஐஸிலோ விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் தரவேண்டும். நாள், நேரம், இடம் எல்லாம் குறித்து, நேரிலோ பதிவுத் தபாலிலோ. மச்சான் கத்திய ‘ஐயோ’ அறிவித்தல் ஆகாது.

அந்த 60 நாளும் மச்சானுக்கு எங்கள் வீட்டில் ராச உபசாரம். நண்டு, கணவாய், ஒடியற் கூழ். தபால்காரர் கையெழுத்து வாங்க மணி அடித்தால் நான் குளியலறையில் இருந்தேன். கிழவரும் எங்கோ வாசித்திருக்கவேண்டும். ஒரு தட்டு நிறைய பக்லாவாவோடு வந்து மச்சானின் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

தவணை முடிந்த பிறகு வந்த ஞாயிறு, உபசாரத்தைப் பருப்புக்கறியோடு நிறுத்தலாம் என்று மனிசியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நண்டே வந்தது. சட்டம் படிக்கும் மருமகள் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தாள்.

“மாமா, பிந்தினதுக்கு நியாயமான காரணம் இருந்து, அதாலை உங்களுக்குப் பாதகமும் இல்லையெண்டால் கோடு விடும். வழக்குப் போட ரெண்டு வருசம் இருக்கு.”

மச்சான் ஒன்றும் பேசாமல் வெறுங்கோப்பையை என் பக்கம் தள்ளினார். நான் எழும்பிப் போய் நண்டுக்கறி நிரப்பிக்கொண்டு வந்தேன்.