திராட்சைக் கொடியும் டாமியும்

கேள்வி: 14 வருஷம் வளர்த்த எங்கள் டாமி செத்துப்போச்சு. குளோனிங் பண்ணித் திரும்பக் கொண்டுவரலாம் என்கிறான் மகன். மகா பாவம் என்கிறார் மாமியார். நீங்கள் யார் பக்கம்?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மாமியார் பக்கம்தான். ஆனால் குளோனிங் என்றாலே பாவமில்லை அம்மா. உங்கள் ஊர்ச் சந்தையில் கருநீலமாகக் குவிந்திருக்கும் ‘பெங்களூர் ப்ளூ’ திராட்சை, குச்சி வெட்டி நட்டே பெருகியது. கொடிக்குக் கொடி குளோன்தான்! குச்சிக்கு வலிக்காது, நாய்க்கு வலிக்கும். தென்கொரியாவில் 2005இல் ‘ஸ்னப்பி’ என்ற குளோன் நாய் பிறப்பதற்காக 1,095 கருக்களை 123 பெண் நாய்களின் வயிற்றில் வைத்தார்கள். பிறந்தவை இரண்டு, பிழைத்தது ஒன்று. நம் கர்னாலில் 2009இல் பிறந்த முதல் குளோன் எருமைக் கன்றும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அந்த 123 நாய்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இத்தனைக்கும், 2001இல் அமெரிக்காவில் பிறந்த குளோன் பூனைக்கு மூலப் பூனையின் நிறம்கூட வரவில்லை. மரபணு வரும், தட்டுச் சத்தம் கேட்டதும் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்த டாமி வராது. கதவோரம் தொங்கும் சங்கிலியை எடுத்துக்கொண்டு மகனோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். காது மடிந்த குட்டி ஏதாவது ஒன்று உங்கள் காலைச் சுற்றும்.