எச் விசையைத் தட்டினால் வராத தலைப்பு

மரக்காணம் உப்பளத்தைப் பற்றி நான் தயாரித்த சிறு கையேட்டை அச்சில் பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். தலைப்பெல்லாம் தடித்த நீல எழுத்து; மேலும் கீழும் என்டர் விசையைத் தட்டித் தட்டி உண்டாக்கிய இடைவெளி. அதைக் காதால் படித்தவர் ஒரு கல்லூரி மாணவி. பார்வை இல்லாதவர், உப்பளத் தொழிலாளி வீட்டுப் பெண். "அண்ணா, இதுல தலைப்பே இல்லையே?" என்றார்.

நீலத்தில் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அவரிடம் இருப்பது என்.வி.டி.ஏ. பார்வையற்ற ஆஸ்திரேலியர்களான மைக்கேல் கரனும் ஜேம்ஸ் தேயும் 2006-இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். ஆனால் 'இது தலைப்பு' என்று ஆவணத்துக்குள் குறி இருக்க வேண்டும். தடிமனும் நீலமும் அதற்குப் பொருட்டே இல்லை.

அடுத்தது பத்திகள். இரண்டு பத்தியாகத் தெரியட்டும் என்று டேப் விசையைத் தட்டி வார்த்தைகளைத் தள்ளி வைத்திருந்தேன். இடப்பக்கம் மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர் கல்வெட்டு, வலப்பக்கம் உப்பளத்தின் ஒரு நாள். திரைவாசிப்பான் குறுக்கே வாசித்ததில் சோழ மன்னர் விடிகாலையிலேயே பாத்தியில் இறங்கி உப்பு வாரி, கரையேறி, கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தார். மாணவி சிரித்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன், வேறு வழி?

அட்டவணை இன்னும் மோசம். கடல்நீரின் செறிவு ஏறக்குறைய 3 பாமே டிகிரி; 25-ஐத் தொட்டால் உப்பு படியத் தொடங்கும்; 29-ஐத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். தலைப்பு வரிசையைக் குறிக்காததால் அவர் காதில் விழுந்தது "மூன்று, இருபத்தைந்து, இருபத்தொன்பது." "பஸ் நம்பராண்ணா?" என்றார். செறிவுக் கணக்கு அவருடைய அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது வேறு.

முன்னுரையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 42-ஆம் பிரிவை வேறு பெருமையாகப் போட்டிருந்தேன். மின்னணு ஊடகத்தில் உள்ளவையும் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிற பிரிவு. கட்டம் கட்டி, பூக்கோலம் போட்டு, படமாகவே ஒட்டியிருந்தேன். திரைவாசிப்பான் "கிராபிக்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது.

ரோஷம் வந்து, வேர்டில் தலைப்புப் பாணிகள் போட்டேன், உண்மையான பத்தி அமைத்தேன், அட்டவணையைச் சரிசெய்தேன். பிறகு பழக்க தோஷத்தில் பிரிண்ட் கொடுத்து பி.டி.எஃப். ஆக்கினேன். குறிகள் அத்தனையும் உதிர்ந்துபோயின. 'சேவ் ஆஸ்' வழியே போய், அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகள் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பி.டி.எஃப்.பில் இந்த வசதி 2001-இலேயே வந்துவிட்டது. எனக்குத்தான் வந்து சேரவில்லை.

கடைசியில் சரியான வழியில் சேமித்து, அணுகல்தன்மைச் சோதனைக் கருவியில் போட்டேன். ஒரு பிழைகூட இல்லை. மார் தட்டிக்கொண்டு அனுப்பினேன். அன்று மாலையே போன்: "அண்ணா, எல்லாப் படமும் உப்புக் குவியல்தானா?"

படங்களுக்கு விளக்கம் இருக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும். சரியா என்று பார்க்காது. அவசரத்தில் ஒரே விளக்கத்தை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் ஒட்டியிருந்தேன். கழுவெளிச் சதுப்புநிலப் பூநாரைகளுக்கும், பூமீசுவரர் கோபுரத்துக்கும், பின்னட்டையில் இருந்த என் படத்துக்கும்.