வந்தியத்தேவனுக்கு எத்தனை மதிப்பெண்?

கே: 'பொன்னியின் செல்வன்' படத்தில் கார்த்தி வந்தியத்தேவனாகப் பொருந்தினாரா?
(வாசகர், கும்மிடிப்பூண்டி சிப்காட்)

ப: எந்த வந்தியத்தேவனாக? 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் எழுத்தாளர் கல்கியின் நாவல் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்தவன் ஒருவன். அதைப் படித்த ஒவ்வொருவரும் மனத்துக்குள் வளர்த்துக்கொண்டவன் இன்னொருவன். பின்னவனோடு மோதி எந்த நடிகரும் ஜெயிக்க முடியாது. கல்கி எழுதியவனை வைத்துப் பார்த்தால் கணக்கு எளிது. அவனுக்கு வாளைவிட வாய் நீளம். அவசரப்பட்டு வம்பில் மாட்டுவான், வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லித் தப்புவான். நாடிழந்த வாணர் குலத்து வாலிபன். அதற்காகக் கூசி நிற்கிற ஆளும் இல்லை. இந்தக் குறும்பைக் கார்த்தி முழுசாகப் பிடித்துவிட்டார். ஆழ்வார்க்கடியானாக வரும் ஜெயராமோடு அவர் மல்லுக்கு நிற்கும் இடங்களில் கல்கியின் நகைச்சுவை அப்படியே இருக்கிறது.

கே: குறும்பு சரி, காதல்?
(வாசகி, பொன்னேரி)

ப: அங்கேதான் மதிப்பெண் குறைகிறது. நாவலில் ஊரெல்லாம் வாயடிப்பவன் சோழ இளவரசி குந்தவை முன்னால் மட்டும் தடுமாறுவான். அந்தத் தடுமாற்றம்தான் காதல். படத்தின் முதல் பாகத்தில் படகோட்டும் பூங்குழலியின் முன்னாலும் பழையாறையில் குந்தவையின் முன்னாலும் கார்த்தியின் சிரிப்பு ஏறக்குறைய ஒன்றே. 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர் நிதானப்படுகிறார். குந்தவையாக வரும் திரிஷாவோடு உள்ள காட்சியில் பேச்சு அடங்கிக் கண் வேலை செய்கிறது. ஆனால் பெரிய இழப்பு நடிகரால் வந்ததல்ல. வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலிக்கும் மணிமேகலை படத்திலேயே இல்லை. அவள் அவன் மடியில் உயிர்விடுவதோடுதான் நாவல் முடிகிறது. விளையாட்டுப் பிள்ளையை அழவைக்கும் அந்த இடம் கார்த்திக்குக் கொடுக்கப்படவே இல்லை. எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?

கே: எம்.ஜி.ஆர். நடித்திருந்தால்?
(வாசகர், திருத்தணி)

ப: 1958இல் நாவலின் உரிமை வாங்கி, தாமே வந்தியத்தேவனாக நடிக்கத் திட்டமிட்டார், படம் நடக்கவில்லை. திரையில் எம்.ஜி.ஆர். பொய் சொல்லி மாட்டிக்கொண்டு விழிப்பதை அவருடைய ரசிகர்கள் சகித்திருப்பார்களா? எம்.ஜி.ஆர். மாறியிருப்பாரா, வந்தியத்தேவன் மாறியிருப்பானா என்றால் இரண்டாவதன் மேல் தாராளமாகப் பந்தயம் கட்டலாம்.

கே: எங்கள் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் வந்தியத்தேவன் உண்டா?
(வாசகர், திருவள்ளூர்)

ப: 1905இல் கிடைத்த அந்த ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு, கதையின் முதுகெலும்பைத் தருகிறது: குந்தவையின் அண்ணன் ஆதித்தனின் மறைவு, அரியணையைத் தம்பி அருள்மொழி உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்தது. வந்தியத்தேவனின் சாகசம் எதுவும் அதில் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது, குந்தவையின் கணவர் என்ற முறையில். மனைவி கொடுத்த கொடையால் சரித்திரத்தில் இடம் பிடித்தவர்! குதிரையும் குறும்பும் கல்கி சேர்த்தவை. எனவே 'சரித்திரத்துக்கு விரோதமாகச் சிரிக்கிறார்' என்று கார்த்தி மேல் வழக்குப் போட முடியாது. அசல் வந்தியத்தேவருக்கு மீசை இருந்ததா என்பதற்கே அந்தக் கல்வெட்டில் சாட்சி இல்லை.