திண்ணையில் ஒரு பரங்கிக்காய்

ஆகஸ்டில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏ1சி 6.1. 5.7-க்குக் கீழே இருந்தால் சுகவாசி. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாளி. இடையில் மாட்டிக்கொண்டவனை இங்கே 'ப்ரீடயாபடிக்' என்கிறார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் எனக்குப் புரிகிற தமிழில் மாற்றிக்கொண்டேன்: திண்ணையில் உட்கார்த்தியிருக்கிறார்கள். தெருவில் நிற்பவனாவது தப்பித்து ஓடலாம். திண்ணையில் உட்கார்ந்தவன் ஒரு நாள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

அன்று மாலையே வீட்டில் 144 தடை உத்தரவு. இரண்டு இட்லிக்கு மேல் கூடக் கூடாது. பொங்கலுக்கு ஊரடங்கு. பூரி என்ற சொல்லை உரக்கச் சொல்லக் கூடாது. பதிலுக்குக் கிடைத்தவை முளைகட்டிய பயறு, அவித்த முட்டை, ஓட்ஸ் உப்புமா. அரிசி உப்புமா, ரவை உப்புமா எல்லாம் பார்த்தவன்தான் நான். ஓட்ஸ் உப்புமா என்பது அவை செத்துப் போய் ஆவியாக வருவது.

அக்டோபர் வந்தது. நியூஜெர்சியில் அக்டோபர் என்றால் மேப்பிள் மரங்கள் சிவந்து, மஞ்சளித்துக் கொட்டும். அதைப் பார்க்கக் காரில் வருகிறவர்களுக்கு அது அழகு. முற்றம் வைத்திருப்பவனுக்கு முதுகுவலி. கடைக்குள் போனால் எதைத் தொட்டாலும் பரங்கிக்காய்: ரொட்டியில், தயிரில், மெழுகுவத்தியில், நாய் பிஸ்கட்டில். 2003-இல் ஸ்டார்பக்ஸ்காரர்கள் 'பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே' என்று ஒரு காபியைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. இதில் வேடிக்கை, 2015 வரை அந்தக் காபியில் பரங்கிக்காய் ஒரு துளிகூடக் கிடையாது. பம்ப்கின் ஸ்பைஸ் என்பது பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய், ஆல்ஸ்பைஸ் இடித்த பொடி, அவ்வளவுதான். மீன் குழம்பு மசாலாவில் போய் மீனைத் தேடுவோமா?

அந்த வாசனையில்தான் எனக்கு யோசனை பிறந்தது. பரங்கிக்காய் பான்கேக். மைதா கிடையாது, சர்க்கரை கிடையாது, பாதாம் மாவில். நான் கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவன். உடனே எக்செலைத் திறந்தேன். 100 கிராம் மைதாவில் மாவுச்சத்து 76 கிராம். பாதாம் மாவில் 20 சொச்சம், அதிலும் பாதி நார்ச்சத்து. பரங்கிக்காய் விழுதில் 8, அதிலும் 3 நார். கூட்டி, கழித்து, வகுத்தால் ஒரு பான்கேக்குக்கு இரண்டரை கிராம். நான்கு சாப்பிட்டாலும் பத்து. திண்ணையை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது.

"அரசாணிக்காய்ல தோசையா?" என்றாள் மனைவி. அவள் ஈரோட்டுப் பக்கம். நான் கும்பகோணம். இருபது வருஷமாக இந்தக் காய்க்கு எங்கள் வீட்டில் இரண்டு பெயர்.

"தோசை இல்லை, பான்கேக். பரங்கிக்காய் பான்கேக்" என்று திருத்தினேன்.

"என்னமோ பண்ணுங்க. அடுப்ப நீங்களே தொடச்சிருங்க."

வாசற்படியில் எட்டுக் கிலோவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. பண்ணைக்குப் போய், வைக்கோல் பரப்பிய டிராக்டர் வண்டியில் குலுங்கி, மகள் கொடி கொடியாகத் தேடி எடுத்து வந்தது. ஹாலோவீனுக்குக் கண், மூக்கு வெட்டி உள்ளே விளக்கு வைக்க வேண்டியது. இவ்வளவு பெரிய காயை வாசலில் வைத்துக்கொண்டு கடையில் டின் வாங்குவதா என்று காவிரிக்கரைச் சிக்கனம் தலைதூக்கியது. மகள் நீச்சல் வகுப்புக்குப் போன நேரம் பார்த்துக் காரியத்தை முடித்தேன்.

விளக்கு வைக்கிற பரங்கி வேறு, சமைக்கிற பரங்கி வேறு என்று பிறகுதான் தெரிந்தது. சமையலுக்கு 'சுகர் பம்ப்கின்' என்று உருண்டையாக, சின்னதாக ஒன்று விற்கிறார்கள். வாசல் ரகம் முழுக்க நாரும் நீரும். அவித்து மசித்தபோது ரசம் போல ஓடியது. பழைய வேட்டியில் கொட்டி முறுக்கிப் பிழிந்தேன். அந்த வேட்டி இப்போது காவியாகிவிட்டது. கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நாலு பேர் காலில் விழுவார்கள்.

பாதாம் மாவில் குளூட்டன் கிடையாது. மாவைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. தோசைத் திருப்பியை அடியில் விட்டுத் தூக்கினேன். பாதி என்னோடு வந்தது, பாதி கல்லோடு நின்றது. சேர்த்து வைக்கலாம் என்று தள்ளினேன், மூன்றானது. கடைசியில் மனம் வெறுத்துக் கிளறிவிட்டேன். தட்டுக்கு வந்து சேர்ந்தது எதுவென்று எனக்கும் தெரிந்தது, மனைவிக்கும் தெரிந்தது. அவள்தான் வாய்விட்டுச் சொன்னாள்: "உப்புமா."

அந்த நேரம் வாசலில் குரல். "அப்பா! வேர் இஸ் மை பம்ப்கின்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்று திட்டுவார்கள். எங்கள் வீட்டில் அப்போது மறைப்பதற்குச் சோறும் இல்லை.

மறு வாரம் டின்னுக்கு மாறினேன். கடையில் டின்களைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆரஞ்சுப் படம். ஒரு வரிசைக்கு மட்டும் சலுகை விலை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் சலுகை விலையை வாசிக்க எனக்கு எப்போதும் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. ஆறு டின் அள்ளினேன்.

இந்த முறை மூன்று முட்டையோடு ஒரு கரண்டி இசப்கோலும் சேர்த்தேன். மலச்சிக்கலுக்கென்று மருந்து அலமாரியில் கிடந்த உமிதான். மைதா இல்லாத மாவுக்கு அதுதான் பசை. நீர் பட்டதும் ஊறிக் கெட்டியாகி எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மனைவியின் இரும்புத் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி, உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றி, அடுப்பைச் சிம்மில் வைத்து மூடினேன். மைதா பான்கேக் என்றால் மேலே குமிழ் வெடித்து, திருப்பு என்று சொல்லும். இது வாயே திறக்காது. ஓரத்தின் ஈரப் பளபளப்பு மங்கும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தேன். மங்கியது. திருப்பினேன். பொன்னிறம்! பட்டையும் கிராம்பும் மாடிவரை மணத்தன.

மகள் நான்கு சாப்பிட்டு, வாசல் கொலையை மன்னித்தாள். மனைவி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, "பரவால்லைங்க" என்றாள். கொங்கு நாட்டில் அது பாரத ரத்னா.

"சக்கரை போட்டீங்களா?"

"ஒரு துகள் இல்லை. பரங்கியின் இயற்கையான இனிப்பு. நாம்தான் நாக்கைக் கெடுத்து வைத்திருக்கிறோம்" என்றேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒரு விரலை உயர்த்திச் சொன்னேன்.

திங்கட்கிழமை அவள் வார்த்த தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்றது. ஊரிலிருந்து பெட்டியில், துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த கல். எட்டு வருஷம் எண்ணெய் காட்டிப் பழக்கியது. அதில் கறுப்பாக, பளபளவென்று ஒரு பத்து.

"ஏனுங்க, போன வாரம் உப்புமா பண்ணுனப்ப கல்லு இப்படி ஆகலியே? பாகு பட்ட மாதிரியல்ல இருக்குது."

பாதாமில் உள்ள எண்ணெய், வெப்பநிலை, புரதம் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். கேட்டுக்கொண்டே தேய்த்தாள். இடையில் ஒரே ஒரு முறை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

வெற்றி தலைக்கேறியது. அடுத்த சனிக்கிழமையும் செய்தேன். நவராத்திரிக் கொலுவுக்குப் போன வீடுகளில் சுண்டலை வாங்கிக்கொண்டு, என் பான்கேக் புராணத்தைப் பாடிவிட்டு வந்தேன். அப்படிக் கேட்டு மயங்கியவர்களில் ஒருவர் என் நண்பர். மதுரைக்காரர். பத்து வருஷமாகத் திண்ணையைத் தாண்டி உள்ளே குடியிருப்பவர். "இனிப்பா, நமக்கு ஆகுமா?" என்றார். "உங்களுக்காகவே பிறந்த பலகாரம்" என்று சொல்லி ஞாயிறு காலைக்கு அழைத்தேன்.

வந்தார். சட்டைக் கையை மடித்தபோது, மேற்கையில் நாணயம் அளவுக்கு வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டியிருந்தது. தோலுக்கடியில் சர்க்கரையை ஓயாமல் அளந்து போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்குமாம். 180-ஐத் தாண்டினால் அலறும்.

அவர் சாப்பிட, நான் பேசினேன். பரங்கி என்று பெயர் வைத்து அந்நியமாக்கினோமே, பெயர் சரிதான், இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், மெக்சிகோவில் சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்பே பயிராக்கிவிட்டார்கள் என்றேன். அவர் இரண்டாவதை முடித்தார். இந்த நாட்டு டின் பரங்கியில் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில் விளைகிறது, அந்த ரகத்தின் தோல் ஆரஞ்சுகூட இல்லை, வெளிறிய பழுப்பு என்றேன். நான்காவது போயிற்று. மேலே ஊற்றிக்கொள்ளச் சர்க்கரை இல்லாத சிரப்பை நகர்த்தினேன். வாயில் புதினா போட்ட மாதிரி சில்லென்று ஒரு போலிக் குளிர்ச்சி வரும், எரித்ரிட்டாலின் குணம் அது. அசல் மேப்பிள் சிரப் ஒரு மேசைக்கரண்டியில் 13 கிராம் சர்க்கரை, அதனால் அதைப் பூட்டி வைத்துவிட்டேன் என்று பெருமையோடு சொன்னேன்.

"சிரப்பே வேணாம்ணே, தன்னால தித்திக்குது" என்று ஆறாவதை எடுத்தார்.

"இயற்கை" என்றேன். விரல் மறுபடி உயர்ந்தது.

காபி வந்தது. நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். மேசைமேல் அவருடைய போன் கூவியது. 187, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. இருவரும் அதைப் பார்த்தோம். "வில்லை பழசோ?" என்றேன். மறுபடி கூவியது. 214.

பிறகு நான் செய்ததுதான் இன்றைக்கும் இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது. விருந்தாளியைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"வர்ற வழியில டோனட் ஏதாவது..."

"மீனாட்சி மேல சத்தியமா இல்லண்ணே."

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"நேத்து ராத்திரி பிரியாணி?"

மனைவி எழுந்தாள். ஒன்றும் பேசவில்லை. பின்வாசலில் மறுசுழற்சித் தொட்டியின் மூடி திறக்கும் சத்தம். கழுவாத காலி டின்னோடு உள்ளே வந்து, என்னுடைய கண்ணாடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு, படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பம்ப்கின். பை. மிக்ஸ்."

டின்னைத் திருப்பினாள். "பரங்கிக்கு அடுத்த பேரே சக்கரைப் பாகுங்க." பரங்கி என்று சொன்னாள். இருபது வருஷத்தில் முதல் முறை. வெற்றி பெற்றவர்கள் காட்டும் பெருந்தன்மை.

வெறும் பரங்கி விழுது ஒரு டின். முன்கூட்டியே இனிப்பும் மசாலாவும் கலந்து, பை சுடுவதற்கென்று விற்பது இன்னொரு டின். இரண்டும் அக்கம்பக்கம். சலுகை இரண்டாவதுக்கு. மகள் எக்செலைத் திறந்து, திருத்தமான எண்களைப் போட்டுப் பார்த்தாள். இரண்டரை கிராம் என்ற கட்டம் எட்டைத் தாண்டி ஓடியது. "அப்பா, கல் நம்மகிட்ட சொல்லிச்சு" என்றாள். பதின்மூன்று வயது.

நண்பர் பெரிய மனுஷர். கோபிக்கவில்லை. உடம்பை அசைத்தால் இறங்கும் என்று எழுந்தார். எந்தப் பக்கம் நடப்பது என்று பார்த்தவர், முற்றத்தில் சாய்த்து வைத்திருந்த இலை வாரியை எடுத்தார். அவர் ஒரு மூலையில், வெட்கத்தில் நான் ஒரு மூலையில் என்று ஒரு மணி நேரம் வாரினோம். பதினொரு மூட்டை. கடைசி மூட்டையைக் கட்டும்போது 143. என் முற்றம் அந்த அக்டோபரில் அவ்வளவு சுத்தமாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மீதி மூன்று டின்கள் கார் ஷெட்டின் மேல் தட்டில் ஏறின. தூக்கிப் போட மனம் வரவில்லை, காசு கொடுத்து வாங்கியது. நவம்பரில் நன்றியறிதல் நாளுக்கு மகள் பை சுடட்டும் என்று மனைவி தீர்ப்பளித்தாள். அதுவரை தினம் ராத்திரி பூட்டும்போது எண்ணுகிறாள்.

நேற்று எண்ணினாள். இரண்டு.

என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை சத்தியமாக நான் இல்லை. மத்தியானம் நண்பர் வந்திருந்தார், இலை வாரி வேண்டுமென்று. ஷெட்டில் அவரே போய் எடுத்துக்கொண்டார். போகும்போது கோட்டுப் பாக்கெட் கொஞ்சம் புடைத்திருந்தது.