இல்லாத ஊர்

தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், மன்னன் இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை. வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய பட்டியல் இது. இன்னும் இரண்டு உருப்படி உண்டு. ஒன்றில் போலீஸ் வரும், இன்னொன்றில் பெண்கள் வருவார்கள். முதலாவது வழக்கு வாங்கித் தரும். இரண்டாவது அடி வாங்கித் தரும். விட்டுவிடுவோம்.

இந்தப் பட்டியலில் இதுவரை திருத்தப்பட்டது ஒன்றே ஒன்று. சாமி. 16ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் கிடந்தது. வெள்ளைக்காரன் அதை ஆயுதக் கிடங்காகவும் வைத்திருந்தான். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். தொல்லியல் துறை ஆட்சேபித்தது. கோயிலில் வெடிமருந்து இருந்தால் வரலாறு; சாமி இருந்தால் விதிமீறல்!

வந்த சாமியையாவது நிம்மதியாக இருக்க விட்டோமா? 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பிக் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. வடியவில்லை. உபரி நீரை வெளியேற்ற முன்னோர் வெட்டிய கால்வாய் அடைபட்டுக் கிடந்தது. கணினி இல்லாத காலத்துக் கொத்தனாருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்திருந்தது. நம் ஆட்களுக்கு அதற்கு ஆலோசனைக் கூட்டம் வேண்டும்.

இத்தனைக்கும் வேலூர் ஒரு ஸ்மார்ட் சிட்டி. 2022 ஜூனில் பஜார் பக்கத்துத் தெரு ஒன்றில் கான்கிரீட் சாலை போட்டார்கள். ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதை நகர்த்த டெண்டரில் இடமில்லை போலும். விடிந்தபோது சக்கரங்கள் சாலைக்குள் இருந்தன. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், வேறொரு தெருவில் அடிபம்பை அப்படியே உள்ளே வைத்துக் கழிவுநீர்க் கால்வாய் கட்டினார்கள். நாடே பார்த்துச் சிரித்தது. நாமும் சிரித்தோம், நம் வரிப்பணத்தில். வண்டியைப் புதைக்கிறார்கள், பம்பைப் புதைக்கிறார்கள். ஒதுக்கிய பணம் மட்டும் ஒருநாளும் புதைவதில்லை. அது நடமாடிக்கொண்டே இருக்கிறது.

மன்னன் இல்லாத கோட்டை என்பதும் முழு உண்மையல்ல. நாடிழந்த மன்னர்களை அடைத்து வைக்கவும் இந்தக் கோட்டை பயன்பட்டது. திப்புவின் பிள்ளைகள் இங்கே காவலில் இருந்தார்கள். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கேதான் 1832இல் செத்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் கட்டியிருக்கிறோம். நாடு போனவனுக்குத் துணையாக நீர் போன ஆறு.

1806 ஜூலை 10 விடியலில் இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த தொப்பி போடு என்றது கம்பெனி. அவமானம் பொறுக்காமல் துப்பாக்கியைத் திருப்பினார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தான். அன்று பகலுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் பிணமானார்கள். ஒரு துண்டுத் தோலுக்காக உயிரைக் கொடுத்த ஊர். பிறகு தோல் ஆலைகள் ஓர் ஆற்றையே குடித்தன. ஒரு தொப்பிகூட அசையவில்லை. ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று தலைவர்கள் நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறார்கள். அவர்கள் காலில் இருப்பது என்ன தோல் என்று யாரும் கேட்பதில்லை.

பாலாறு ஏன் வறண்டது என்று கேளுங்கள். கர்நாடகத்தைக் காட்டுவார்கள், ஆந்திரத்தைக் காட்டுவார்கள். மேலே தடுப்பணைகள் இருப்பது பொய்யில்லை. ஆனால் மணலை அள்ளிப்போன லாரிகள் ஆந்திரத்துக் குப்பத்திலிருந்தா வந்தன? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்தது ஆந்திர அமைச்சரவையா? ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமியம் ஆலையின் கழிவு மலைபோல் குவிந்து கிடந்தது. மரமில்லாத மலைகள் போதாதென்று, நம் பங்குக்கு விஷத்தில் ஒன்று. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். முன்பு புகார் மனுவைத் தூக்கிப் போட ஒரு கலெக்டர் அலுவலகம்தான் இருந்தது, இப்போது மூன்று.

தோல் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். பாடம் படித்த மாணவர்களில் பலர் இந்நேரம் நீதிபதியாகியிருப்பார்கள். ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். ஆற்றின் விலை எவ்வளவு மலிவு! 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், அதே பாலாறு, அதே தோல் கழிவு. மறுபடியும் ஒரு தீர்ப்பு. அன்று ஆணையம், இன்று குழு. இரண்டுக்கும் தலைமை ஓய்வு பெற்ற நீதிபதி. ஆறும் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. அதற்கு மட்டும் இன்னும் பென்ஷன் வரவில்லை.